லஸ்கர் ரெத்தினத்துக்கு ஒரு லிட்டர்

லஸ்கர் ரெத்தினத்தின் மேல் துரைராசு வைத்திருந்த கோபத்துக்கு வயது பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால் இந்நேரம் ஏழாவது படித்துக்கொண்டிருக்கும். துரைராசு படித்ததே எட்டாவது வரைதான். இன்னும் ஒரு வருஷத்தில் அது அவனைப் பிடித்துவிடும்.

காரணம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மேட்டூரில் தண்ணீர் குறைந்துபோய், ஆற்றில் முறை வைத்து விட்டார்கள். மேல்பக்கத்துக்கு ஐந்து நாள், கடைமடைக்கு நான்கு நாள். துரைராசுவின் வயல் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், கடைமடையிலும் கடைசி. சம்பா பால் பிடிக்கிற நேரம். அந்த நான்கு நாள் தண்ணீர் பாய்ந்திருந்தால் நெல்லாகியிருக்கும். முறை தொடங்கிய அன்று காலையில் மதகுக்குப் போனவன் இரண்டு விஷயத்தைப் பார்த்தான். ஷட்டர் இறங்கி, பூட்டியே கிடந்தது. மேல்வயல்காரன் இராஜாங்கம் அதன் திருகில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் என்ன விசாரணை வேண்டியிருக்கிறது? துரைராசு அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான். இராஜாங்கம் வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா, தாத்தா எல்லோரையும் இழுத்துவந்து கரையில் நிறுத்தித் திட்டித் தீர்த்தான். இராஜாங்கத்தின் அப்பா ஒரு காலத்தில் துரைராசு வீட்டு வயலில் நாற்று முடி சுமந்தவர். அப்படிப்பட்டவர் மகன் மேல்வயலை விலைக்கு வாங்கி வரப்பில் செருப்புப் போட்டு நடந்தது துரைராசுவுக்கு ஏற்கனவே தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கிய ரெத்தினம், லாக் புக்கை விரித்துக் காட்டினார். 'காலை ஆறு மணிக்குத் திறக்கப்பட்டது.' முத்து முத்தான கையெழுத்து.

"நான் திறந்துட்டுத்தான்பா லைன் பார்க்கப் போனேன். அப்புறம் எவன் இறக்கினானோ, எனக்கென்ன தெரியும்? மாத்துச் சாவி போடறது பெரிய வித்தையா இந்தக் காலத்துல?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மாற்றுச் சாவி போட்டது இராஜாங்கம், போட விட்டது ரெத்தினம் என்று துரைராசு மனசில் முடிவாயிற்று. மூன்று மா சம்பாவும் பதராக நின்றது. அறுப்பு இயந்திரக்காரன் வயலைப் பார்த்துவிட்டு, இதற்கு நான் எதற்கு, மாட்டை விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து இராஜாங்கத்தோடு பேச்சு கிடையாது. ரெத்தினத்தோடு பேச்சு உண்டு. அடுத்த வீட்டுக்காரர், அதிலும் தண்ணீர் திறக்கிற கை. அதைப் பகைக்க முடியுமா?

லஸ்கர் என்றால் ஏதோ பட்டாளத்து உத்தியோகம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். பொதுப்பணித் துறையில் வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்கிற கடைசிச் சிப்பந்திதான் லஸ்கர். ரெத்தினம் முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தார். காக்கிச் சட்டை, அரைஞாண் கயிற்றில் சாவிக்கொத்து, காதில் பாதி குடித்து அணைத்த பீடி. அவர் நடந்து வந்தால் சாவிச் சத்தம் முன்னால் வரும், பீடி நாற்றம் பின்னால் வரும். கலெக்டருக்கு அடுத்தபடி தான்தான் என்று அவருக்கு நினைப்பு. கடைமடைக்காரர்களைக் கேட்டால் கலெக்டர்தான் இவருக்கு அடுத்தபடி என்பார்கள்.

யார் என்ன கேட்டாலும் அவரிடம் மூன்று பதில்தான் உண்டு. "மேல உத்தரவு வரல." "இப்பத்தான் திறந்தேன், வந்துக்கிட்டிருக்கு." "உனக்கு மட்டுமா வயல் இருக்கு?" இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முப்பத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பிறகும் தினம் காலையில் மதகுக்குப் போய் அளவுப் பலகையைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்த ஆளிடம் இரண்டு குறை சொல்லிவிட்டு வந்தால்தான் அவருக்குக் காப்பி இறங்கும்.

அவருக்கு உடம்புக்கு வந்தது போன தை மாசம். முதலில் இருமல். முப்பத்திரண்டு வருஷப் பீடி சும்மா விடுமா? பிறகு பசி இல்லை, அசதி. சிங்கப்பூரிலிருந்து மகன் பிரபு போனில் மருத்துவம் பார்த்தான். யாரோ யாருக்கோ அனுப்பி, அங்கே சுற்றி இங்கே சுற்றி அவன் கைக்கு வந்த ஒரு செய்தியை அப்பாவுக்குத் தள்ளிவிட்டான். தினம் ஐந்து லிட்டர் தண்ணீர் குடித்தால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மூட்டுவலி, முடி கொட்டுவது எல்லாம் ஓடிப்போகும். கீழே இரண்டு கும்பிடு, ஒரு ரோஜாப்பூ. ரோஜாப்பூ போட்டு வந்த செய்தி பொய்யாக இருக்குமா?

ஊருக்குத் தண்ணீர் விட அழுத மனிதர், தன் வயிற்றுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டார். மணிக்கொரு தரம் போனில் அலாரம். அடித்ததும் ஒரு சொம்பு. வயல் வேலையா வெட்டி வேலையா, வேர்வை உண்டா இல்லையா, தாகம் எடுக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஐந்து லிட்டர்.

பதினைந்தாம் நாள் புத்தி தடுமாறியது. பெண்டாட்டி பூவம்மாளைத் தன் பழைய உதவிப் பொறியாளர் என்று நினைத்து, "ஏ.இ. சார்" என்று கூப்பிட்டு எழுந்து நின்று வணக்கம் வைத்தார். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அந்த அம்மாளுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அப்புறம் சமையல்கட்டில் கிரைண்டர் கல்லைப் பிடித்துக்கொண்டு, "இறக்குடா, இறக்கு" என்று திருக ஆரம்பித்தார். பக்கத்து டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். உடம்பில் நீர்ச்சத்து இல்லை என்று ஒரு பாட்டில் ஏற்றினார்கள். பாட்டில் இறங்க இறங்க, மிச்சமிருந்த புத்தியும் இறங்கியது.

அதன் பிறகுதான் துரைராசுவின் லோடு வண்டி வந்தது. பின்னால் மெத்தை போட்டு அவரைக் கிடத்த முடியாது, அடிக்கடி எழுந்துகொள்கிறார் என்று முன்சீட்டில் உட்காரவைத்து, பூவம்மாள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பாதி வழியில் ரெத்தினம் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"சாவி எங்கிட்டதாண்டா இருந்துச்சு. எவங்கிட்டயும் குடுக்கல. எவனும் கேக்கவும் இல்ல."

வண்டி வாய்க்காலில் இறங்காமல் போனது அன்றைக்கு அந்த மூன்று பேர் செய்த புண்ணியம்.

"என்னண்ணே சொன்னீங்க? எந்தச் சாவி? எப்ப?"

"வணக்கம் சார்" என்றார் ரெத்தினம், கண்ணாடிக்கு வெளியே போன ஒரு பால்காரரைப் பார்த்து.

துரைராசுவுக்கு அதன் பிறகு ரோடு தெரியவில்லை, அந்த வார்த்தைதான் தெரிந்தது. சாவி எவனிடமும் போகவில்லை என்றால் ஷட்டரை இறக்கியது யார்? ஆனால் பால்காரரை ஆபீசர் என்கிற வாயிலிருந்து வந்ததை எந்த நியாயத்தில் சேர்ப்பது? புத்தி தெளிந்து சொல்லவேண்டும். தன் பெயரும் கிழமையும் தெரிந்த ரெத்தினம், முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். அதுவரைக்கும் இந்த மனுஷனைச் சாக விடக்கூடாது, பைத்தியமாகவும் விடக்கூடாது என்று துரைராசு அந்த இடத்தில் முடிவுசெய்தான். இப்படி ஒரு அன்பு யாருக்குக் கிடைக்கும்?

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். உப்பு, அதாவது சோடியம், நூற்று முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருக்கவேண்டுமாம். ரெத்தினத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, ரொம்பப் பக்குவமாக ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் அதுவும் மூளைக்கு ஆகாதாம். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வலது நுரையீரலில் கட்டி. பீடி தன் கடமையைச் செய்திருந்தது.

டாக்டர் எழில்மொழி முப்பது வயசுப் பெண். நாலாம் நாள், பூவம்மாள் அழுதுகொண்டிருந்ததால் துரைராசுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"ஐயாவுக்கு நீங்க என்ன வேணும்?"

"பக்கத்து வீடுங்க."

"மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒரு சுரப்பி இருக்குங்க. நாம தண்ணி குடிக்காம வெயில்ல நின்னா, ரத்தம் கெட்டிப்படும். உடனே அந்தச் சுரப்பி வாசோபிரசின்னு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். அது கிட்னிக்குப் போய், 'தண்ணிய வெளியில விடாத, பிடிச்சு வை'ன்னு சொல்லும். அதான் வெயில் நாள்ல மூத்திரம் கொஞ்சமா, மஞ்சளாப் போறது. வயிறு முட்டத் தண்ணி குடிச்சோம்னு வைங்க, அந்த ஹார்மோன் நின்னுடும். கிட்னி திறந்து விட்டுடும். தெளிஞ்ச தண்ணியாப் போகும்."

துரைராசு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தான். எட்டு வகுப்பில் ஒரு வாத்தியாராலும் புரியவைக்க முடியாமல் போன உயிரியல் அவனுக்கு அரை நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

"லஸ்கருங்க" என்றான்.

"என்னது?"

"தலைக்குள்ள ஒரு லஸ்கர் உட்கார்ந்திருக்காருன்னு சொல்றீங்க. பலகையப் பார்த்து ஷட்டரை ஏத்துவாரு, இறக்குவாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்படியே வச்சுக்குங்க. இவருக்கு என்ன ஆச்சுன்னா, நுரையீரல்ல இருக்கற அந்தக் கட்டியும் அதே ஹார்மோனைச் சுரக்குது. அளவு பார்க்கறதே இல்ல. மூடு, மூடுன்னு ராத்திரி பகலா உத்தரவு. குடிக்கிற தண்ணியெல்லாம் உடம்புக்குள்ளயே தேங்கிடுது. உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கிடுச்சு. அதுமேல இவரு அஞ்சு லிட்டர் குடிச்சிருக்காரு."

"வேலைக்கே எடுக்காத ஆளு, போலி லஸ்கரு" என்றான் துரைராசு. "நல்லா இருக்கறவங்க அஞ்சு லிட்டர் குடிக்கலாங்களா?"

"வயல்ல நின்னு வேர்வை கொட்டினா உடம்பே கேக்கும், தாகம் எடுக்கும், குடிக்கலாம். சேர்ல உட்கார்ந்துக்கிட்டு எதுக்குங்க? அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடு உள்ள இருக்கு. போன்ல வர்ற கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது."

கட்டிக்கு மருந்து ஏற்றலாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும், அதற்கு முதலில் உப்பு ஏறவேண்டும் என்றார். உப்பு ஏற ஒரே வழி, ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. கூடவே உப்பு மாத்திரை. இப்போது நூற்று இருபத்தாறு, வீட்டுக்குப் போகலாம், வாரம் ஒரு தரம் ரத்தப் பரிசோதனை.

"கேட்டாக் குடுத்துடுவாங்க. அதுதான் எங்களுக்குப் பயம். அழுவாரு, திட்டுவாரு. இரக்கமே படாத ஆளு யாராவது வீட்டுல இருக்காங்களா?"

பூவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கணமும் யோசிக்காமல், துரைராசுவைக் காட்டினார்.

அப்படித்தான் லஸ்கர் ரெத்தினத்துக்குத் துரைராசு லஸ்கரானான். உளுந்து தெளித்தாகிவிட்டது, வயலில் வேலை இல்லை. அவன் பெண்டாட்டி, மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருந்தாள். காலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பித் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவான். மருந்துக்கடையில் வாங்கிய அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு நாளைக்கு ஏழு முறை கொண்டுவந்து கொடுப்பான். ரெத்தினம் படுத்திருந்த அறையில் குழாய் கிடையாது. கொல்லைப்பக்கக் குழாயின் பிடியைக் கழற்றித் துரைராசு தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முதல் முறையாக ஒரு சாவி அவனிடம் இருந்தது. அந்தச் சுகம் என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

"ஏப்பா துரை, நாக்கு ஒட்டிக்கிச்சுடா. அடுத்த முறையை இப்பவே விடேன்."

"மேல உத்தரவு வரலண்ணே."

"அரை டம்ளர். அரையே அரை."

"இப்பத்தானே திறந்தேன். வந்துக்கிட்டிருக்கும், உள்ள இறங்கட்டும்."

"நீ நல்லா இருப்பியாடா? உங்கப்பன் ஒரு மனுஷன். அவனுக்குப் போய் இப்படி ஒரு புள்ள!"

"உங்களுக்கு மட்டுமா வாய் இருக்கு?"

ரெத்தினம் அவனை முறைத்தார். தன் மூன்று பதிலும் தன்மேலேயே பாய்வது தெரிகிற அளவுக்குப் புத்தி இருந்தது. அது நல்ல அறிகுறிதான் என்று துரைராசு குறித்துக்கொண்டான்.

ஊரில் அவனைப் புகழ்ந்தார்கள். பெற்ற பிள்ளை செய்யமாட்டான் என்றார்கள். பிரபு சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "சித்தப்பா, நீங்க தெய்வம்" என்று தேம்பினான். துரைராசு ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. தெய்வமும் ஏதாவது காரியத்துக்காகத்தானே காத்திருக்கிறது!

இதற்கிடையில் இராஜாங்கம் நாளுக்கு நாலு இளநீர் கொண்டுவந்து வாசல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனான். உள்ளே வருவதில்லை. துரைராசு இருக்கிற வீட்டுக்குள் அவன் எப்படி வருவான்?

"உடம்பு சூட்டுக்கு நல்லதுன்னு குடுத்துட்டுப் போறான் தம்பி" என்றார் பூவம்மாள்.

"எளநீ தண்ணி இல்லாம வேற என்ன அண்ணி? அதுல இந்த உப்பு கிடையாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. ஆளை முடிச்சிடலாம்னு பார்க்கறான் போல."

கேட்டைத் தாண்டாத இராஜாங்கத்தின் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னான். அவன் திரும்பிப் பார்க்காமல் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பினான். மறுநாளும் நாலு இளநீர் தொங்கியது. துரைராசுவின் ஆடுகளுக்கு அந்த வாரம் நல்ல யோகம்.

ஒரு வாரம் கழித்துக் கும்பகோணத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்தது. நூற்றுப் பதினேழு. ஏறவேண்டியது இறங்கியிருந்தது. ரெத்தினம் மறுபடியும் சுவரைப் பார்த்து வணக்கம் வைக்க ஆரம்பித்தார்.

துரைராசுவுக்கு உலகமே துரோகம் செய்ததுபோல் இருந்தது. ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுக்கவில்லை. திருட்டுத் தண்ணீர் எங்கேயோ பாய்கிறது. வீட்டைச் சோதனை போட்டான். கட்டிலுக்கு அடியில், தலையணைக்குப் பின்னால், சாமி மாடத்தில் தீர்த்தச் செம்பு வரைக்கும் பார்த்தான். ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு நாள் முழுக்க, காலை ஆறிலிருந்து, ரெத்தினத்தின் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

காலை ஏழு மணிக்குப் பூவம்மாள் ஒரு பெரிய கிண்ணம் நிறைய நீராகாரம் கொண்டுவந்தார். முந்தின நாள் வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் அதில் மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டது. ரெத்தினம் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தார். துரைராசுவுக்கும் ஒரு கிண்ணம். அவனும் குடித்தான். ஒரு வாரமாகத் தினம் அவனும் கூட உட்கார்ந்துதான் குடித்துக்கொண்டிருந்தான். பாதிக் கிண்ணத்தில் அவன் கை நின்றது.

"அண்ணி, இது தினம் எத்தனை தடவை?"

"காலைல ஒண்ணு. பதினோரு மணிக்கு ஒண்ணு. சாயங்காலம் பசிக்குதுன்னா ஒண்ணு. ஏன் தம்பி?"

"இது தண்ணி இல்லையா?"

பூவம்மாள் அவனுக்குத்தான் புத்தி தடுமாறிவிட்டதோ என்று பார்த்தார். "என்ன தம்பி பேசறீங்க. இது சோறுல்ல? டாக்டரம்மா தண்ணியத்தானே குறைக்கச் சொன்னாங்க, சோத்தைக் குறைக்கச் சொன்னாங்களா?"

துரைராசு கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறந்ததிலிருந்து அவன் வீட்டிலும் அது சோறுதான். 'தண்ணீர் குடித்தாயா' என்றால் செம்பு, 'சாப்பிட்டாயா' என்றால் நீராகாரம். டெல்டாவில் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். சுடுசோற்றில் முக்கால் பங்கு ரசம் ஊற்றிப் பிசைந்து குடித்தாலும் சோறு. மோர், சோற்றுக்கு அடுத்தது. காப்பி, காப்பி. துரைராசு எட்டாம் வகுப்புக் கணக்கில் கூட்டிப் பார்த்தான். அவன் ஏழு முறை வைத்துக் காவல் காத்த ஒரு லிட்டருக்குப் பக்கத்தில், இன்னும் ஒன்றரை லிட்டர் தினம் பகிரங்கமாக, கிண்ணத்தில், வெங்காயத்தோடு போய்க்கொண்டிருந்தது. முன்மதகை இழுத்துப் பூட்டிவிட்டு, பின்வாய்க்கால் உடைந்து கிடப்பதைப் பார்க்காத காவல்காரன். இப்படிப்பட்ட லஸ்கர் ஒருவரைத்தான் அவன் இதுவரை பார்த்திருந்தான்.

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"நான்தான் கேட்டிருக்கணும்" என்றார் எழில்மொழி. "எங்க வீட்டுலயும் அது சோறுதான். ரசம், மோர், காப்பி, நீராகாரம், எதெல்லாம் ஊத்தினா ஓடுமோ அதெல்லாம் ஒரு லிட்டர்ல சேரணும்னு அம்மாகிட்டச் சொல்லுங்க. ஆளை இப்பவே கூட்டிட்டு வந்துடுங்க, ரெண்டு நாள் வச்சுப் பார்த்து அனுப்பறேன்."

இரண்டு நாள் மூன்று நாளாயிற்று. திரும்பி வந்ததும் சட்டம் மாறியது. சோற்றைக் கெட்டியாக வடித்து, உப்பைக் கூடப் போட்டு, துவையல் தொட்டுச் சாப்பிட்டார். ரசத்தைக் கண்ணில் மட்டும்தான் காட்டினார்கள். காப்பி ஏழு முறையில் ஒரு முறையை விழுங்கியது. நாக்கு காய்ந்தால் எலுமிச்சைத் துண்டை நக்கச் சொன்னார்கள். ரெத்தினம் ஒரு சாபம் பாக்கி வைக்கவில்லை. பிறகு சபிக்கவும் எச்சில் இல்லை என்று விட்டுவிட்டார். நூற்று இருபத்திரண்டு வந்தது, அடுத்த வாரம் நூற்று இருபத்தேழு, அதற்கடுத்த வாரம் நூற்று முப்பத்தொன்று. உப்பு ஏறியது, சதை இறங்கியது. கட்டி தன் வேலையை நிறுத்தவில்லை. மருந்து ஏற்றுகிற தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். டாக்டர் அடுத்த முறை துரைராசுவிடம், தெளிவா இருக்கிற நாளெல்லாம் லாபம் என்று மட்டும் சொன்னார்.

நூற்று முப்பத்தொன்று வந்த அன்று மத்தியானம், கொல்லைக் கொட்டகையில் ரெத்தினம் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பூவம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். துரைராசு இதற்குத்தான் ஒரு மாசத்துக்கு மேலாகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

"நான் யாரு?"

"எமன்."

"மேட்டூர் எத்தனை அடி?"

"காலைப் பேப்பர்ல தொண்ணூத்தி எட்டு. இன்னும் என்னடா பரீட்சை? கேக்க வந்ததைக் கேளு. வண்டியில நான் என்னமோ உளறினேனாமே, பூவம்மா சொன்னா. அன்னையிலேர்ந்து நீ என் வாயையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க."

துரைராசு கேட்டான். வண்டியில் அந்த வார்த்தை விழுந்த நாளிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி வெளியே வந்தபோது மூன்றே வார்த்தைதான் இருந்தது.

"அன்னைக்கு யாருண்ணே மூடினது?"

ரெத்தினம் தென்னை மரத்தைப் பார்த்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் மூடல. நான் திறக்கவே இல்ல."

"லாக் புக்குல..."

"அது வந்தப்புறம் எழுதினது. திருக்கடையூர்ல என் சகலைக்கு அறுபதாம் கல்யாணம். முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். போற வழியில திறந்துட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். பஸ்ஸு வந்துடுச்சு. சரி, சாயங்காலம் வந்து திறந்துக்கலாம்னு சாவியோட ஏறிட்டேன்."

"சாயங்காலம் வரலியே."

"சாப்பாடு முடிஞ்சு சகலை சொன்னாரு, மறுநாள் தரங்கம்பாடிக்குப் போயி மீன் சாப்பிட்டுட்டுப் போகலாம்னு. கொடுவா மீன் குழம்பு. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒருநாள் அப்படியே போயிடுச்சு."

பன்னிரண்டு வருஷத்தில் துரைராசு எத்தனையோ காரணம் கட்டி வைத்திருந்தான். சாதி இருந்தது. கட்சி இருந்தது. கைமாறிய கவர் இருந்தது. யாரோ பெரிய ஆள் பின்னாலிருந்து செய்த சதி இருந்தது. தன் மூன்று மா வயலை அழிக்க அவ்வளவு பேர் சேர்ந்து திட்டம் போட்டார்கள் என்று நினைப்பதில் ஒரு பெருமைகூட இருந்தது. மீன் குழம்பு மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

"அப்ப இராஜாங்கம் திருகு மேல கை வச்சுக்கிட்டு நின்னானே?"

"பூட்டைப் பார்த்துக்கிட்டு நின்னான். எம் பொண்டாட்டிகிட்ட மூணு தடவை வந்து கேட்டிருக்கான். துரைராசு அண்ணனுக்கு முறை ஆரம்பிச்சாச்சு, லஸ்கர் எங்கன்னு. உன் பயிரு கருகுதுன்னு உனக்கு முன்னால அவன்தான் வந்து நின்னான். நீ வந்ததும் அவன் மேல பாய்ஞ்சுட்ட. நான் வந்து பார்த்தேன். ஊரே ஒரு முடிவுக்கு வந்திருந்துச்சு. எனக்கு மெமோ தப்பிச்சுது. சும்மா இருந்துட்டேன்."

"பன்னெண்டு வருசமா?"

"முதல் வாரம் சொல்லாததை அப்புறம் எப்படிடா சொல்றது? அவனும் கேக்கல. நீ திட்டினதுக்கப்புறம் அவனுக்குச் சொல்ல என்ன இருக்கு? சொன்னா நீ நம்பியிருப்பியா?"

நம்பியிருக்கமாட்டான். அது துரைராசுவுக்கே தெரிந்தது. எவன் அப்பா நாற்று முடி சுமந்தாரோ அவன் தனக்காகத் தண்ணீர் கேட்டு மூன்று தடவை அலைந்தான் என்பதைவிட, கள்ளச்சாவி போட்டான் என்பதுதான் அன்றைக்கு அவனுக்கு வசதியாக இருந்தது. கரையில் நின்று தான் பேச்சில் இழுத்துவந்து திட்டிய இராஜாங்கத்தின் அப்பா முகம் ஞாபகம் வந்தது. அவர் செத்து ஏழு வருஷம். சாவுக்கும் அவன் போகவில்லை.

மணி இரண்டு ஆகியிருந்தது. நாலாவது முறை. கை தானாக எழுந்து போய், கிண்ணத்தில் அளந்து, கோட்டுக்குக் குனிந்து பார்த்து, கொண்டுவந்து நீட்டியது. அந்தக் கையை வைத்து அவர் கழுத்தை நெரித்திருக்கலாம். ஆனால் அதற்குப் பழக்கம் இல்லை, அளப்பதற்குத்தான் பழகியிருந்தது. ரெத்தினம் வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு மடக்கையும் வாய்க்குள் சுற்றவிட்டு, குடித்தார். கிண்ணத்தின் அடியில் நின்ற சொட்டையும் விடவில்லை.

"போய்ச் சொல்லிடுடா அவன்கிட்ட" என்றார்.

"நீங்க பண்ணின வேலைக்கு நான் போய்ச் சொல்லணுமா? பன்னெண்டு வருசம் கழிச்சு அவன் வாசல்ல போய் நான் என்னன்னு நிக்கறது? நீங்க கொடுவா மீன் தின்னீங்கன்னா?"

"நான் எங்கடா நடக்கறது? யோசிச்சுப் பார்த்தா, நீ சொன்னாலும் அவன் நம்பமாட்டான். நான் போனப்புறம் சொன்னா, செத்தவன் தலையில போட்டுட்டு நீ தப்பிக்கறன்னு நெனப்பான். என் வாயால அவன் கேக்கணும்." கிண்ணத்தை அவன் கையில் திணித்தார். "இன்னைக்கு நூத்தி முப்பத்தொண்ணு. நாளைக்கு என்னவோ, எவனுக்கு வணக்கம் வச்சுக்கிட்டு நிப்பேனோ. இப்பவே போயி அவனைக் கூட்டிக்கிட்டு வா."